சாங்கியில் சுடாத ரொட்டி

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் சாங்கியில் பிரிட்டிஷ் ராணுவம் குறையில்லாமல் செய்து முடித்த வேலை ஒன்றுதான். ஒரு மரத்தை வெட்டியது. சுமார் 76 மீட்டர் உயரம், வரைபடங்களிலேயே இடம்பிடித்த மரம். ஜப்பான்காரன் அதைப் பார்த்துக் குறிவைத்துப் பீரங்கி அடிப்பானே என்ற கவலையில் சாய்த்தார்கள். அதே மாதம் 15ஆம் தேதி தீவும் சாய்ந்தது. புக்கித் தீமா சாலையில் இருந்த ஃபோர்டு கார்த் தொழிற்சாலைக்குப் போய், ஜப்பானிய ஜெனரல் யமாஷித்தா நீட்டிய காகிதத்தில் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் கையெழுத்துப் போட்டார். மரம் மட்டும் வீணாய்ப் போயிற்று.

சுமார் 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் சாங்கிக்கு நடந்தார்கள். அங்கிருந்த படைமுகாம்கள் பிரிட்டிஷார் தங்களுக்காகவே பார்த்துப் பார்த்துக் கட்டியவை. ஆகவே வீடு சரியில்லை என்று குறை சொல்ல ஆளில்லை. வம்பு அடுக்களையில் தொடங்கியது. ரொட்டி தின்று வளர்ந்த பட்டாளத்துக்கு ஜப்பானியர் அரிசி மூட்டையை இறக்கினார்கள். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் ராணுவச் சமையல்காரர்களுக்குச் சோறு வடிக்கத் தெரியவில்லை. அண்டாவில் அரிசியைக் கொட்டித் தண்ணீரை ஊற்றிக் கிண்டினார்கள். சுவரொட்டி ஒட்டத் தோதான ஒரு பொருள் வந்தது. அதைத்தான் வரிசையில் நின்று வாங்கித் தின்றார்கள்.

சோறு வடிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் படையில் இல்லாமல் இல்லை. இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். சரணடைந்த மறுநாளைக்கு மறுநாளே, அதாவது பிப்ரவரி 17ஆம் தேதி, அவர்களையெல்லாம் ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டித் தனியாகப் பிரித்துவிட்டார்கள் ஜப்பானியர். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதும். சாங்கி அடுக்களையில் கஞ்சி வடிக்க ஆளில்லாமல் போன கதையும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. இதை மட்டும் எந்தப் புத்தகமும் பெரிதாக எழுதாது.

வீட்டில் ரொட்டி சுடும் மின் இயந்திரம் ஒன்று வாங்கலாமா, காசுக்குத் தகுமா என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பது. கேட்டவர் வாட்டையும் விலையையும் எதிர்பார்த்திருப்பார். அதெல்லாம் வரும். ரொட்டிக்கு எது வேண்டும் என்பது முதலில் புரிய வேண்டும். அது கிடைக்காத இடத்தில்தான் நன்றாகப் புரியும்.

சாங்கியில் கொஞ்ச நாளில் கைதிகள் தேறிவிட்டார்கள். அரிசியை அரைத்து மாவாக்கினார்கள். உருட்டினார்கள், தட்டினார்கள், கிடைத்த எண்ணெயில் பொரித்தார்கள், தகர டப்பாவில் வைத்துச் சுட்டார்கள். இப்படிப் பிறந்த உருண்டைக்கும் தட்டைக்கும் பொதுவாக ‘டூவர்’ என்று பெயரிட்டார்கள். நம் பாட்டிகள் கொழுக்கட்டை, அடை என்று எப்போதோ பங்கு பிரித்து வைத்ததை அவர்கள் கம்பிவேலிக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். ரொட்டி மட்டும் வரவே இல்லை. அரிசி மாவில் குளூட்டன் கிடையாது. கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய அதன் புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். ஈஸ்ட் விடுகிற வாயு அந்தப் பின்னலுக்குள் மாட்டிக்கொண்டு மாவைத் தூக்கும். அரிசி மாவில் பின்னலும் இல்லை, தூக்கலும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அங்கே ஈஸ்ட் இருந்தது. வைட்டமின் பி குறைந்து கால் எரிச்சலும் கண் மங்கலும் வந்ததால் முகாமில் ஈஸ்ட் வளர்த்துக் குடிக்கக் கொடுத்தார்கள். புல்லை இடித்துச் சாறெடுத்தும் கொடுத்தார்கள். ஈஸ்ட் தயாராக இருந்தது. அது ஏறி உட்கார மாவுதான் இல்லை.

முகாமுக்கு வெளியே ஊரும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. மரவள்ளி மாவில் செய்த ரொட்டியை ரப்பர் மாதிரி இழுத்துத் தின்றதாக அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். மலாயாவுக்கு ரப்பர் புதிதல்ல, தட்டில் வந்ததுதான் புதிது.

சாங்கிச் சிறைச்சாலை தனிக்கதை. 1936இல் 600 பேருக்கென்று கட்டியது. அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரக் குடிமக்களை அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர். அந்தப் பெண்களில் ஒருவர் எத்தல் மல்வனி, கனடாவின் மானிட்டூலின் தீவுக்காரர், ராணுவ மருத்துவரின் மனைவி. பசி தாங்காத பெண்களை அவர் உட்காரவைத்து விருந்து நடத்தினார். இலை போடவில்லை, ஏனென்றால் போட ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பலகாரத்தை வாயால் சமைக்க வேண்டும். மாவு எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு, அடுப்பில் எத்தனை நிமிடம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் நாக்கில் எச்சில் ஊறக் கேட்பார்கள். எதிர்ப்பேச்சும் இருந்திருக்கும். வெண்ணெய் அவ்வளவு போட்டால் என்னத்துக்கு ஆகும் என்று கேட்க எந்தச் சமையலறையிலும் ஒரு ஆள் உண்டு.

அந்தக் குறிப்புகளைக் கிடைத்த தாள்களிலும் கணக்குப் பேரேடுகளிலும் எழுதி வைத்தார்கள். எத்தல் ஊர் திரும்பியதும் 1946இல் அதைப் புத்தகமாக அச்சிட்டார். 20,000 பிரதிகள் விற்று 18,000 டாலர் சேர்ந்தது. முன்னாள் போர்க்கைதிகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்ப அந்தப் பணம் போனது. ஒரு பலகாரமும் வேகாத சமையலறையிலிருந்து இவ்வளவு விற்ற சமையல் புத்தகம் வேறு இருக்குமா, சந்தேகம்தான். இன்று படம் பிடிப்பதற்காகவே சமைக்கிறவர்களுக்கு எத்தல்தான் குலதெய்வம்.

சிங்கப்பூர்த் தமிழன் ரொட்டியைப் பற்றி இப்படி ஏங்கியதே இல்லை. அவனுக்கு ரொட்டி வாசலுக்கு வந்தது. முதலில் தலைமேல் கூடையில் வந்தது. பிறகு சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டியில், அதன் பிறகு மோட்டார் சைக்கிளில். விற்றவர்களில் பலர் இந்தியர்கள், தமிழ் முஸ்லிம்களும் அதில் உண்டு. மணிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கீழே ஓடுவார்கள். ரொட்டிக்காரர் முழு ரொட்டியின் பழுப்பு ஓரத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, வெள்ளைச் சதையைத் துண்டு போட்டு, காயா தடவிக் கொடுப்பார். முட்டையும் தேங்காய்ப் பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டிய அந்தக் காயா அவர் விரலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதில்லை.

மாவு மட்டும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1963இல் கெப்பல் துறைமுகத்தருகே பிரைமா மாவு ஆலை ஓடத் தொடங்கியது. 1977இல் அதே கோதுமைக் குதிருக்கு மேலே சுழலும் சீன உணவகம் ஒன்றையும் திறந்தார்கள். கீழே மூட்டை மூட்டையாகக் கோதுமை, மேலே வாத்துக்கறி. இந்த யோசனை வேறெந்த ஊரிலும் யாருக்கும் வந்திருக்காது. 1978இல் புக்கித் தீமா பிளாசாவில் கார்டினியா ஒரு சின்னப் பேக்கரியாகத் தொடங்கி, 1983க்குள் பாண்டான் லூப்பில் தொழிற்சாலை போட்டது. ரொட்டிக்காரரின் மணிச் சத்தம் குறைந்ததும் துண்டு போட்ட ரொட்டி பிளாஸ்டிக் பையில் ஏறியதும் ஏறக்குறைய ஒரே காலம். 2000இல் பிரெட்டாக் பூகிஸ் ஜங்ஷனில் கடை திறந்து, பன்னின் தலையில் காய்ந்த பன்றியிறைச்சிப் பஞ்சைத் தூவி, அதற்கும் வரிசையில் நிற்க வைத்தது. ஆக இந்த ஊரில் ரொட்டி என்றைக்குமே அடுத்தவன் பிசைந்து தந்தது. வீட்டில் பிசைந்தது சப்பாத்தி.

இப்போது ஒசாகாவுக்குப் போவோம். சாங்கியில் ரொட்டியை நிறுத்திய தேசம் நாற்பத்தைந்து வருஷம் கழித்து ரொட்டி இயந்திரத்தை உலகத்துக்குக் கொடுத்தது. பிராயச்சித்தம் என்று யாரும் சொல்லவில்லை. வியாபாரம்தான்.

இயந்திரத்தில் மாவு பிசைவது அதற்கு முன்பே உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து ஹோட்டல் முதலாளியான ஜோசஃப் லீ 1894இல் மாவு பிசையும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது ரொட்டியை மளமளவென்று தள்ளியது. மிச்ச ரொட்டியை என்ன செய்வது என்று மறு வருஷமே ரொட்டித்தூள் ஆக்கும் இயந்திரத்துக்கும் ஒரு காப்புரிமை. தன் இயந்திரம் உண்டாக்கிய தொல்லைக்குத் தானே இன்னொரு இயந்திரம் விற்றவர். இன்றைய கணினிக் கம்பெனிகள் அவர் படத்தை மாட்டிவைத்து மாலை போடலாம்.

ஆனால் கொட்டியது முதல் சுட்டு எடுப்பது வரை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்க முயன்றது மட்சுஷிட்டா, இன்றைய பானசோனிக். 1980களின் நடுவில் அவர்கள் செய்த முதல் பெட்டியில் ரொட்டி மேலே தீய்ந்தது, உள்ளே பச்சை மாவாக நின்றது. என்ன கோளாறு என்று பார்க்க, நிபுணர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரொட்டி மாவுக்கு எக்ஸ்ரே! பெரியாஸ்பத்திரியில் மனிதனுக்கு எடுக்கவே நம்மூரில் காத்துக் கிடக்க வேண்டிய காலம் அது. படத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த இகுகோ தானாகா என்ற பெண், ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் கையாளாகச் சேர்ந்தார். அவர் பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார், தானும் பிசைந்தார். ஒரு நாள் புரிந்தது. அந்த ஆள் மாவை அழுத்துவதோடு விடவில்லை, முறுக்கி இழுத்துக்கொண்டும் இருந்தார். திரும்பிவந்து தானாகா இன்ஜினியர்களோடு ஏறக்குறைய ஒரு வருஷம் மல்லுக்கட்டி, பாத்திரத்தின் உள்சுவரில் மேடு மேடாகப் பட்டைகள் வைத்தார். துடுப்பு சுழலும்போது மாவு பட்டையில் மாட்டி முறுக்கிக்கொண்டு இழுபடும். இந்த இழுப்பைப் பார்க்க தானாகா அம்மா ஒசாகா ஹோட்டலுக்குப் போயிருக்கவே வேண்டாம். தேக்கா சந்தையில் காலை ஆறு மணிக்குப் பராட்டாக் கடை முன்னால் நின்றிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அங்கே ஒரு அண்ணன் எண்ணெயில் ஊறிய உருண்டையை விசிறி விசிறி, மறுபக்கம் இருக்கிறவர் முகம் தெரிகிற அளவுக்கு இழுத்துக் காட்டுவார். டீயும் கிடைத்திருக்கும்.

1987 பிப்ரவரியில் இயந்திரம் கடைக்கு வந்தது. விலை 36,000 யென். முதல் வருஷத்திலேயே ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதைவிட அதிகமாக விற்றது அதன் கதை. இகுஜிரோ நோனாகா என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1991இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் இதை எழுத, உலகத்து மேலாண்மைப் பள்ளியெல்லாம் ரொட்டி மணம் பரவியது. கைக்குள் இருக்கும் அறிவைக் கம்பெனியின் அறிவாக மாற்றுவது எப்படி என்பதற்கு இதுதான் உதாரணம். சாங்கி பிசினஸ் பார்க்கில் கழுத்துப் பட்டையில் அட்டையைத் தொங்கவிட்டுப் போகும் நம் ஆட்களில் எம்பிஏ படித்தவர்களைக் கேளுங்கள், தானாகா கதை தெரிந்திருக்கும். ரொட்டி சுட்டிருக்க மாட்டார்கள். 2007இல் ரிபெய்ரோ, காலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வந்து, ரொட்டிக்காரரின் அறிவெல்லாம் பெட்டிக்குள் போகவில்லை என்று மறுத்தார்கள். பெட்டி செய்வது இயந்திரத்தனமான பகுதியை மட்டும்தான், மிச்சத்தை அதை வைத்திருக்கிற மனிதன்தான் செய்கிறான் என்றார்கள். நான் அவர்கள் கட்சி. சிங்கப்பூரில் இந்தப் பெட்டியை வைத்திருக்கிற யாரும் அவர்கள் கட்சியாகத்தான் இருக்க முடியும்.

ஏனென்றால் குறிப்புப் புத்தகத்தை எழுதியவர்களுக்கு நம் அடுக்களையின் சூடு தெரியாது. இங்கே குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. மாவு காற்றிலிருந்தே ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். புத்தகத்தில் சொன்ன அளவுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ரொட்டி கிடுகிடுவென்று ஏறி, மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுவில் குழி விழுந்து உட்காரும். தண்ணீரை ஒரு கரண்டி குறைத்து, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்ற வேண்டும். பிசையத் தொடங்கிச் சற்று நேரத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மாவு சுவரை விட்டு விலகி, ஒரே உருண்டையாகி, காது மடல் பதத்தில் பட்டையில் மோதிச் சுற்றினால் சரி. அடியில் அப்பிக்கொண்டு வழவழத்தால் ஒரு கரண்டி மாவு, தெறித்துத் துண்டு துண்டாக ஓடினால் ஒரு கரண்டி தண்ணீர். மட்சுஷிட்டாவுக்கும் இந்தச் சூட்டுத் தொல்லை இருந்தது. மாவு புளித்து மிஞ்சிப் போகாமலிருக்க, ஈஸ்டைப் பிந்திச் சேர்க்கும் பழைய முறைக்குப் போனார்கள். அவர்கள் இயந்திரங்கள் சிலவற்றின் மூடியில் ஈஸ்டுக்கென்று தனியறை இருப்பது அந்த வழியில் வந்தது. நம் ஊருக்கு அது அலங்காரம் இல்லை.

காசுக் கணக்கு. இயந்திரம் 150 வெள்ளியிலிருந்து 400 வெள்ளி வரை நிற்கிறது. கடையில் நல்ல ரொட்டி ஒன்று மூன்று வெள்ளி அளவில் வருகிறது. வீட்டில் 300 கிராம் ரொட்டி மாவு, வெண்ணெய், பால், ஈஸ்ட், கரண்ட் எல்லாம் சேர்த்து ஒன்றரை வெள்ளிக்குள் முடியும். கரண்ட்டுக்கு என்று பயப்பட வேண்டாம், பத்துக் காசு சுமார். ஆக ரொட்டிக்கு ஒன்றரை வெள்ளி மிச்சம். 200 வெள்ளி இயந்திரத்தின் காசு திரும்ப 130க்கு மேல் ரொட்டி சுட வேண்டும். வாரம் இரண்டு என்றால் ஒரு வருஷம் தாண்டும். கடை ரொட்டியில் பூஞ்சணத்துக்கு மருந்து இருக்கிறது, வீட்டு ரொட்டியில் இல்லை. இந்த ஈரக்காற்றில் மூன்றாம் நாளே பச்சை பூக்கும். போதாக்குறைக்குப் பிசைந்த துடுப்பு ரொட்டிக்குள்ளேயே நின்று, எடுக்கும்போது வயிற்றில் ஒரு ஓட்டை. சேண்ட்விச் போட்டால் முட்டை அந்த வழியாகச் சட்டைக்கு வரும்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு வந்தபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை வீட்டுக்குள் இருந்த தேசம் ஈஸ்ட் தேடி அலைந்தது. அதன் பிறகு பழைய சாமான் விற்கும் கேரசல் தளத்தில் வந்த விளம்பரங்களை நான் இலக்கியமாகப் படித்தேன். “இருமுறை மட்டுமே பயன்படுத்தியது.” “பரிசாக வந்தது, பெட்டி பிரிக்கவில்லை.” “வீடு மாறுவதால் விற்பனைக்கு.” ரொட்டி இயந்திரம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஏன் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்று வீடமைப்புக் கழகம்தான் விசாரிக்க வேண்டும்.

சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கிற என் பெரியம்மா இந்தப் பெட்டியை முதலில் பார்த்தபோது ஒரே கேள்விதான் கேட்டார். “பிசையறதுக்கா இவ்வளவு வெள்ளி? உங்க பெரியப்பா கூலி கேக்காம பிசைவாரேடா.” பெரியப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது பெட்டி அவர்கள் வீட்டு அடுக்களையில் இருந்தது. உள்ளே ஆட்டா மாவு. ரொட்டி சுடும் பொத்தானை அவர் தொட்டதே இல்லை. ‘மாவு மட்டும்’ என்ற பொத்தானை அழுத்தி, இழுபட்டு மிருதுவாக வந்த மாவில் பத்துப் பேருக்குச் சப்பாத்தி போட்டார். பெரியப்பாவுக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

தானாகாவின் ஒரு வருஷ உழைப்பு முழுக்க அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. சுடுவது அந்தப் பெட்டியின் இரண்டாந்தர வேலை. பிசைவதில் அது ஒசாகா ஹோட்டல். ஆகவே வாங்கலாமா என்றால், வாரம் இரண்டு முறை சப்பாத்தி, பராட்டா, பன் என்று ஏதாவது பிசைகிற வீடு வாங்கலாம். மாவைப் பிசைய விட்டு, எடுத்துத் தட்டில் வைத்து ஓவனில் சுட்டால் ஓட்டையும் இல்லை. முறுக்கு மாவையும் இடியாப்ப மாவையும் அதில் போட வேண்டாம். அரிசி மாவோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் சாங்கியிலேயே யாரும் இல்லை, மோட்டார் எம்மாத்திரம். சில பெட்டிகளில் ஜாம் கிண்டும் வசதி உண்டு. அதில் தேங்காய்ப் பாலையும் முட்டையையும் சீனியையும் ஊற்றி, ஒரு பாண்டான் இலையை முடிந்து போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காயாவுக்கு நின்றுகொண்டு கிண்டிய தலைமுறை இதைக் கேட்டால் சாபம் விடும்.

புதிதாக வாங்க வேண்டாம். வீடு மாறுகிறவர்களிடம் வாங்குங்கள், பாதி விலைக்குக் கிடைக்கும். விலை பேசுவதற்கு முன் பெட்டியைத் திறந்து துடுப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல வீடுகளில் அது கடைசியாகச் சுட்ட ரொட்டியோடு குப்பைக்குப் போயிருக்கும்.